பிரெயில் பலகை நட்டுவிட்டால் போதுமா? பார்வையற்றோரும் நடக்கும்படி ஓர் இயற்கைப் பாதை அமைப்பது எப்படி

"பார்வையற்றோருக்கான இயற்கை நடைபாதை" என்று எங்காவது ஒன்று திறக்கப்படும்போதெல்லாம் வருகிற படம் பெரும்பாலும் ஒரே மாதிரிதான். ஒரு பிரெயில் பலகை, அதன்மேல் ஒரு கை, பின்னால் கொஞ்சம் பச்சை. பார்க்கிறவர்களுக்கு இரண்டு சந்தேகம் வரும். கண் தெரியாதவருக்குக் காட்டில் அப்படி என்ன இருக்கிறது? நாலு வரி பிரெயில் போட்டுவிட்டால் பாதை தயாரா? முதல் கேள்விக்குப் பதில் "நிறைய", இரண்டாவதற்கு "இல்லை". ஏன் என்று அடியிலிருந்து பார்க்கலாம்.

இந்த யோசனை புதுசும் இல்லை. அமெரிக்காவில் கொலராடோ மாநிலத்தின் ஆஸ்பென் நகருக்கு அருகே 1967இலேயே வழிகாட்டும் கயிறும் பிரெயில் பலகைகளும் கொண்ட காட்டுப் பாதை ஒன்றை அமைத்தார்கள். தென்னாப்பிரிக்காவில் கேப் டவுனின் கிர்ஸ்டன்பாஷ் தாவரவியல் பூங்காவில் ஒரு பிரெயில் பாதையும் பக்கத்திலேயே வாசனைத் தோட்டமும் உண்டு. கயிறு, பலகை, வாசனை என்ற இந்த மூன்றும் சேர்ந்த அச்சுதான் இன்றுவரை பல இடங்களில் திரும்பத் திரும்ப வருகிறது. மூன்றும் பயனுள்ளவைதான், ஆனால் அவை கடைசியில் வர வேண்டியவை. அதற்கு முன்னால் வர வேண்டியவற்றை விட்டுவிட்டு இவற்றை மட்டும் செய்வதால்தான் பல பாதைகள் திறப்பு விழாவோடு முடிந்துவிடுகின்றன.

## யார் வருகிறார்கள்?

உலக சுகாதார நிறுவனத்தின் வரையறைப்படி, கண்ணாடி போட்ட பிறகும் பார்வை 3/60க்குக் கீழே இருந்தால் அது பார்வையின்மை. சாதாரணக் கண்ணுக்கு 60 மீட்டரில் தெரிவது இவருக்கு 3 மீட்டரில்கூடத் தெரியாது என்று அர்த்தம். 6/18க்கும் 3/60க்கும் இடைப்பட்டது மிதமான அல்லது தீவிரமான பார்வைக் குறைபாடு. 2020ஆம் ஆண்டுக்கான மதிப்பீட்டில் உலகம் முழுக்க முதல் வகையில் சுமார் 4.3 கோடி பேர், இரண்டாவது வகையில் சுமார் 29.5 கோடி பேர். அதாவது, "பார்வையற்றோர் பாதை" என்று நாம் மனதில் வைத்துக் கட்டுகிற ஆள் சிறுபான்மை. வரப்போகிறவர்களில் பெரும்பாலானோருக்குக் கொஞ்சமாவது கண் தெரியும், ஆனால் அந்தக் கொஞ்சம் ஒருவருக்கொருவர் மாறும்.

1. நடுப்பார்வை போனவர்கள். முகமோ எழுத்தோ தெரியாது, ஆனால் பாதையின் ஓரம் பக்கப் பார்வையில் தெரியும். இவர்களுக்குப் பெரிய எழுத்தும் அழுத்தமான நிற வேறுபாடும் வேண்டும்.

2. குழாய் வழியாகப் பார்ப்பதுபோல நடுவில் மட்டும் தெரிகிறவர்கள். க்ளாக்கோமா (கண் நீரழுத்த நோய்) முற்றினாலோ ரெடினைட்டிஸ் பிக்மென்டோசா என்ற பரம்பரை விழித்திரை நோய் இருந்தாலோ இப்படி ஆகும். பலகையை வாசித்துவிடுவார்கள், தலைக்கு மேல் நீட்டியிருக்கும் கிளை மட்டும் தெரியாது.

3. வெளிச்சம் மாறும்போது தடுமாறுகிறவர்கள். அடர்ந்த நிழலிலிருந்து திடீரென்று வெட்டவெளிக்கு வந்தால் சில நிமிடம் எதுவுமே தெரியாது. சரியாக அந்த இடத்தில் ஒரு படிக்கட்டு வைத்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

4. எதுவுமே தெரியாதவர்கள், அவர்களில் காதும் கேளாத சிலர்.

பிரெயில் வாசிக்கிறவர்கள் இவர்களில் ஒரு பகுதிதான். வயதான பிறகு பார்வை இழந்தவர்களில் பலர் பிரெயில் கற்பதே இல்லை. அதற்காகப் பிரெயிலை விட்டுவிட்டு ஒலியை மட்டும் வைத்தால் காது கேளாத பார்வையற்றவருக்கு அங்கே ஒன்றுமே மிஞ்சாது. ஆகவே பெரிய எழுத்து, பிரெயில், ஒலி மூன்றும் வேண்டும்.

## வெண்கோல் எதைக் கண்டுபிடிக்கும், எதை விட்டுவிடும்

வெண்கோல், அதாவது பார்வையற்றோரின் வெள்ளைக் கைத்தடி, வைத்து நடப்பவர் அதை முன்னால் இடவலமாக, தோள் அகலத்துக்குச் சற்றே கூடுதலாக வீசிக்கொண்டே போவார். அடுத்த எட்டு விழப்போகிற இடத்தில் பள்ளமா, வேரா, கல்லா என்பது கோலின் நுனியில் தெரியும். இடுப்புக்கு மேலே இருப்பது எதுவும் தெரியாது. நெஞ்சுயரத்தில் நீட்டியிருக்கும் பலகை முனை, முகத்தில் அடிக்கும் கிளை, குறுக்கே சாய்ந்து நிற்கும் மரம் இதெல்லாம் கோலுக்கு வெளியே.

அமெரிக்காவில் மாற்றுத்திறனாளிகளுக்கான அணுகல் விதிகள் இந்தக் கணக்கை வைத்துத்தான் எழுதப்பட்டிருக்கின்றன. தரையிலிருந்து சுமார் 68 செ.மீ. முதல் 203 செ.மீ. வரையிலான உயரத்தில், சுவரில் பொருத்திய எதுவும் நடைவழிக்குள் 10 செ.மீ.க்கு மேல் நீட்டக் கூடாது. 68க்குக் கீழே தொடங்கும் பொருளைக் கோல் தொட்டுவிடும், 203க்கு மேலே இருப்பதில் தலை இடிக்காது. நடுவில் இருப்பதுதான் ஆபத்து. காட்டில் அந்த நடுப்பகுதி மாதா மாதம் தானாகவே வளரும் என்பதுதான் கட்டடத்துக்கும் காட்டுக்கும் உள்ள வித்தியாசம். இதைப் பராமரிப்புக் கணக்கில் முதல் நாளே சேர்க்காவிட்டால் பாதை ஒரு மழைக்காலம் தாண்டாது.

அடுத்தது விளிம்பு. கோல் பிடித்து நடப்பவர்களில் பலர் பாதையின் ஓரத்தைத் தொட்டுத் தொட்டுத் திசை பிடிப்பார்கள். நடக்கும் தரை இறுகிய சரளையாகவும் ஓரம் புல்லாகவும் இருந்தால் கோலுக்கும் காலுக்கும் வித்தியாசம் புரிந்துவிடும். எல்லாமே ஒரே மண், ஒரே சருகு என்றால் பாதை எங்கே முடிகிறது என்றே தெரியாது. இருபுறமும் தாழ்வாக மரக்கட்டை பதிக்கலாம், ஆனால் சக்கர நாற்காலிக்காரர் திரும்பவும் ஒதுங்கவும் ஆங்காங்கே இடைவெளி விட வேண்டும். அகலமான திறந்தவெளி பார்க்க அழகாக இருக்கும், கோலோடு வருகிறவருக்கு அதுதான் தொலைந்துபோகிற இடம். தொடுவதற்கு ஓரமே இல்லையே!

ஜப்பானில் செய்இச்சி மியாக்கே 1965இல் உருவாக்கி, 1967இல் ஒக்கயாமா நகரில் முதன்முதலாகப் பதித்த புடைப்புக் கற்களை ரயில் நிலையங்களில் பார்த்திருப்பீர்கள். நீளக் கோடு என்றால் "போ", புள்ளி என்றால் "கவனம்". அந்த மஞ்சள் கல்லையே கொண்டுபோய்க் காட்டில் பதிக்க வேண்டும் என்றில்லை, சருகு மூடிவிடும், வேர் தூக்கிவிடும். அதன் தத்துவத்தை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். நின்று தொட்டோ கேட்டோ பார்க்கும் நிறுத்தம் வருவதற்கு முன் தரையின் தன்மை ஒரு எட்டு அகலத்துக்காவது மாற வேண்டும், எல்லா நிறுத்தத்திலும் ஒரே மாதிரி மாற வேண்டும். சரளைக்கு நடுவே மரப்பலகை வந்தால் காலடிச் சத்தமே வேறாகக் கேட்கும், யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

## கயிறு

கம்பங்களை நட்டு இடுப்புயரத்தில் கயிறு கட்டி, நிறுத்தம் வரும் இடத்தில் மணியோ முடிச்சோ கோத்துவிடுவது நல்ல, மலிவான உத்தி. தனியாக வந்தவர்கூடக் கயிற்றைப் பிடித்தபடி போய்த் திரும்பலாம், மணி கையில் தட்டினால் பலகை இருக்கிறது என்று தெரியும்.

சிக்கல் என்னவென்றால், ஒரு கையில் கோலோ வழிகாட்டி நாயின் பிடியோ இருக்கும், இன்னொரு கை கயிற்றில், அப்புறம் மரத்தைத் தொட எந்தக் கை? நாய் பெரும்பாலும் இடப்பக்கம் நடக்கப் பழக்கப்பட்டது, கயிறும் அதே பக்கம் என்றால் இரண்டும் முட்டிக்கொள்ளும். தொய்ந்துபோன கயிறு பொய் சொல்லும். கொடி ஏறி முள்ளாகிப்போன கயிற்றை ஒருவர் ஒரு தடவை பிடித்தால் மறுபடி பிடிக்க மாட்டார். நன்றாகக் கோல் பிடித்து ஊர் சுற்றுகிற ஒருவருக்கு, "இதைப் பிடித்துக்கொண்டே வாருங்கள்" என்பது எரிச்சலாகவும் இருக்கும், அதிலும் நியாயம் இருக்கிறது. ஆகவே கயிறு ஒரு பக்கம் இருக்கட்டும், மறுபக்கம் தெளிவான விளிம்பு இருக்கட்டும். வேண்டியவர் வேண்டியதைப் பிடித்துக்கொள்வார்.

## பலகையில் நடக்கும் தப்புகள்

பிரெயிலைப் பெரிதாக்கினால் வாசிக்க எளிது என்று பலர் நினைக்கிறார்கள். நேர்மாறு. ஆறு புள்ளிகள் கொண்ட ஒரு கட்டம் விரல் நுனிக்குள் அடங்க வேண்டும், அப்போதுதான் விரல் ஓடும். புள்ளிக்கும் புள்ளிக்கும் இடையே 2.3 முதல் 2.5 மி.மீ., புள்ளியின் உயரம் 0.6 முதல் 0.9 மி.மீ. என்று அமெரிக்க விதி சொல்கிறது. அலங்காரத்துக்காகக் குண்டுகுண்டாகப் பதித்த பிரெயில் சுவரோவியமாக இருக்கலாம், எழுத்தாக இருக்க முடியாது.

மற்ற தப்புகளை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். செங்குத்தாக நிற்கும் பலகையில் பத்து வரி பிரெயில் வாசித்தால் மணிக்கட்டு வலிக்கும், சாய்மேசைபோல இருக்க வேண்டும். உலோகப் பலகை வெயிலில் கையைச் சுடும். பளபளக்கும் மேற்பரப்பு குறைபார்வை உள்ளவரின் கண்ணைக் கூச வைக்கும். புள்ளிகளுக்கு இடையே பாசியும் பறவை எச்சமும் சேர்ந்தால் ஒரு எழுத்து இன்னொரு எழுத்தாகிவிடும், கழுவ ஆள் வேண்டும். பிரெயில் அச்செழுத்தைவிட மிக அதிக இடம் பிடிக்கும் என்பதால் பலகை வாசகம் சுருக்கமாக இருக்க வேண்டும். பார்க்கிறவருக்கு ஒரு பத்தி, தடவுகிறவருக்கு மரத்தின் பெயர் மட்டும் என்று பிரித்துவிடுவது, என்னைக் கேட்டால், அவமரியாதை.

நுழைவாயிலில் விரலால் தடவி அறியும் பாதையின் தொடுவரைபடம் ஒன்று வேண்டும். அதில் எல்லாவற்றையும் திணிக்கக் கூடாது. பாதையின் கோடு, நிறுத்தங்கள், தண்ணீர், "நீங்கள் இங்கே" என்ற புள்ளி, இவ்வளவு போதும். வரைபடத்தில் மேலே இருப்பது நிற்கிறவருக்கு நேர் முன்னால் இருக்கும்படி அதை வைக்க வேண்டும்.

## பல புலன் என்றால் பூ வாசனை மட்டுமா?

பார்வையற்றோர் என்றதும் வாசனைச் செடி வைக்கிற பழக்கம் எப்படியோ ஒட்டிக்கொண்டது. பத்து வாசனைச் செடிகளைப் பக்கத்துப் பக்கத்தில் நட்டால் மூக்குக்கு ஒன்றும் பிரியாது, வாசனைத் திரவியக் கடைக்குள் நுழைந்த மாதிரிதான் இருக்கும். இடைவெளி விட்டு, கசக்கினால் மட்டும் மணக்கும் இலைகளாகப் பார்த்து, ஒவ்வொன்றையும் ஒரு கேள்வியோடு வைத்தால் அது பாடம். காட்டின் சொந்த வாசனைகளையும் மறக்க வேண்டாம். மக்கும் மரம், ஈரப் பாசி, மழைக்குப் பின் மண். அந்த மண்வாசனைக்குப் பெரிய காரணம் மண்ணில் வாழும் ஸ்ட்ரெப்டோமைசிஸ் போன்ற பாக்டீரியாக்கள் உண்டாக்கும் ஜியோஸ்மின் என்ற பொருள். மிகமிகச் சிறிய அளவில் இருந்தாலும் மனித மூக்கு அதைப் பிடித்துவிடும். இதை அந்த இடத்தில் நின்று கேட்கிறவருக்கு மூக்கே சாட்சி.

தொடுதல் இன்னும் ஆழமானது. கீராட் வெர்மே என்று ஓர் உயிரியலாளர், நெதர்லாந்தில் பிறந்து அமெரிக்காவில் ஆய்வு செய்தவர், சிறுவயதிலேயே பார்வை இழந்தவர். சிப்பிகளையும் நத்தை ஓடுகளையும் விரலால் தடவியே ஆராய்ந்தார். நண்டுகள் உடைக்க முயன்று தோற்ற ஓடுகளில் ஆறிய தழும்பு இருக்கும். அந்தத் தழும்புகளை வைத்து, வேட்டையாடுவதும் தப்பிப்பதும் கோடிக்கணக்கான ஆண்டுகளாக ஒன்றையொன்று எப்படி வளர்த்தன என்று விளக்கினார். "தொட்டுப் பார்ப்பது குழந்தைகளுக்கான வேடிக்கை" என்று நினைக்கிறவர்களுக்கு இது பதில்.

ஆகவே தொட வைப்பதை ஒப்பிடும்படி வைக்க வேண்டும். பட்டை வழுக்கும் மரமும் பிளவுபட்ட பட்டை மரமும் கைக்கு எட்டும் தூரத்தில் அடுத்தடுத்து. ஒரே இலையின் மேல்பக்கமும் அடிப்பக்கமும். விழுந்த மரத்தின் குறுக்கு வெட்டு, வளையங்கள் விரலுக்குத் தெரியும்படி லேசாகச் செதுக்கி. விலங்கின் காலடித்தட அச்சு. பறவையின் மாதிரி வைத்தால் நிஜ அளவில் வையுங்கள், முடியாவிட்டால் எத்தனை மடங்கு என்று சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் ஆந்தையும் சிட்டும் ஒரே அளவு என்று ஒருவர் நினைத்துக்கொண்டு போவார்.

சரி, எல்லோரும் தொட்டால் செடி என்ன ஆகும்? நியாயமான கேள்வி. பாறையில் ஒட்டியிருக்கும் லைக்கன் என்ற கற்பாசிகள் மிக மெதுவாக வளர்பவை, ஆயிரம் விரல்களைத் தாங்காது. தொடுவதற்கென்று உறுதியான மரம், விழுந்த கட்டை, மறுபடி தழைக்கும் செடி இவற்றைத் தேர்ந்து, "இங்கே தொடலாம்" என்று நிறுத்தங்களிலேயே குறிப்பதுதான் வழி. அரிக்கும் செடி, பால் பட்டால் தோல் கொப்பளிக்கும் செடி எதுவும் கைக்கு எட்டக் கூடாது. முள் வேறு விஷயம். முள் இருக்கிறது, மெதுவாகத் தொடுங்கள் என்று முன்கூட்டியே சொன்னால் போதும். முள்ளே இல்லாத காடு பொய்க்காடு.

காதுக்கு வருவோம். பொத்தானை அமுக்கினால் பறவை கத்தும் ஒலிப்பெட்டி எனக்குப் பிடிக்காதது. நிஜப் பறவையின் குரலை அது மூடிவிடும், கூடு கட்டும் காலத்தில் பதிவுக் குரலைக் கேட்டு எதிரி வந்துவிட்டது என்று பறவை அலைபாயும். அதற்குப் பதில் நிறுத்தங்களை ஒலி மாறும் இடங்களில் வைக்கலாம். காடு முடிந்து புல்வெளி தொடங்கும் ஓரம், தண்ணீர்க்கரை, மூங்கிலோ நாணலோ உரசும் இடம். பெரிய அருவியின் பக்கம் மட்டும் கவனம், அந்த இரைச்சல் மற்ற எல்லா ஒலிக்குறிப்புகளையும் விழுங்கிவிடும், திசை பிடிக்கக் காதை நம்புகிறவர் அங்கே திணறுவார். உருகுவேயின் ஹுவான் பாப்லோ குலாசோ பிறவியிலேயே பார்வையற்றவர், நூற்றுக்கணக்கான பறவைகளைக் குரலை வைத்தே பிரித்துச் சொல்லும் ஒலிப்பதிவாளர். உண்மையில் அடர்காட்டில் கண் உள்ளவர்களும் பறவையை முதலில் கேட்டுத்தான் கண்டுபிடிக்கிறார்கள்.

## கைக்கு எட்டாததைச் சொல்வது எப்படி

மலை, மர உச்சி, எதிர்க்கரை, மேகம் இதையெல்லாம் தொட முடியாது. அங்கே மொழிதான் வேலை செய்ய வேண்டும். வழக்கமான ஒலிக்குறிப்பு இப்படி இருக்கும்: "உங்கள் முன்னால் விரிந்திருப்பது பல வகை மரங்கள் சூழ்ந்த எழில்மிகு குளம்." இதில் தகவல் எதுவும் இல்லை. இப்படிச் சொல்லிப் பாருங்கள்:

"நீங்கள் மரத்தடுப்பைப் பிடித்து நிற்கிறீர்கள். குளம் உங்கள் காலடியிலேயே தொடங்குகிறது, இடமிருந்து வலமாகச் சுமார் நூறு காலடி தூரம். எதிர்க்கரையில் ஆளுயர நாணல், காற்றடித்தால் சரசரப்பு பதினோரு மணித் திசையிலிருந்து வரும். தண்ணீர் பழுப்பு, அடி தெரியாது. இரண்டு மணித் திசையில் பட்டுப்போன மரம் ஒன்று தண்ணீருக்குள் சாய்ந்து கிடக்கிறது, ஆமைகள் வெயில் காய ஏறும் இடம். தொப்பென்று சத்தம் கேட்டால் ஒன்று குதித்துவிட்டது."

நிற்கும் இடம் முதலில், அப்புறம் கடிகார முள்ளை வைத்துத் திசை, உடலை வைத்து அளவு, கடைசியில் காதுக்கு ஒரு வேலை. நிறத்தைச் சொல்லலாமா என்று தயங்க வேண்டாம். பலர் ஒரு காலத்தில் பார்த்தவர்கள், பிறவியிலேயே பார்வையற்றவர்களுக்கும் பழுப்புத் தண்ணீர் என்றால் கலங்கல் என்று தெரியும். "அதோ பாருங்கள்", "இந்தப் பக்கம்" என்பவை மட்டும் வேண்டாம்.

## போன் எங்கே உதவும், எங்கே கைவிடும்

1. திறந்த வானத்தின் கீழ் போனின் ஜிபிஎஸ் சுமார் 5 மீட்டர் துல்லியம் காட்டும். மரக்கூரைக்கு அடியில் அது இன்னும் மோசம். பாதையின் அகலமோ ஒன்று, ஒன்றரை மீட்டர். "இப்போது வலப்பக்கம் திரும்பு" என்று ஆப் சொல்வதை நம்பித் திரும்பினால் புதருக்குள்தான் போவோம். பெரிய திசைக்குப் போன், அடுத்த எட்டுக்குக் கோலும் தரையும்.

2. க்யூஆர் கோடு ஒட்டியாயிற்று, அது எங்கே இருக்கிறது என்று கண் தெரியாதவர் எப்படிக் கண்டுபிடிப்பார்? எல்லாக் கம்பத்திலும் ஒரே உயரத்தில், சுற்றிலும் புடைத்த சட்டத்தோடு இருந்தால் கண்டுபிடிப்பார்.

3. காட்டில் சிக்னல் இருக்காது. ஒலிக்கோப்புகளை வீட்டிலேயே இறக்கிவைத்துக்கொள்ள வழி வேண்டும்.

4. இரண்டு காதையும் ஹெட்போன் அடைத்தால் சுற்றுப்புறம் போய்விடும். காதை மூடாத வகையோ ஒற்றைக் காதோ போதும்.

5. ஆப்கள் சாகும். மைக்ரோசாஃப்ட் 2018இல் வெளியிட்ட சவுண்ட்ஸ்கேப் ஆப், முப்பரிமாண ஒலியால் திசை காட்டியது. 2023இல் நிறுவனம் அதை நிறுத்திவிட்டது. மூலநிரலை யாரும் பயன்படுத்தும்படி திறந்துவிட்டதால் வேறு சிலர் எடுத்து நடத்துகிறார்கள் என்பது அதிர்ஷ்டம். முழுப் பாதையையும் ஒரே ஆப்பை நம்பிக் கட்டுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

## தனிப் பாதையா, எல்லோரும் நடக்கும் பாதையா?

ஐ.நா. பொதுச்சபை 2006இல் ஏற்ற மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் 30ஆவது பிரிவு, கலாச்சாரத்திலும் பொழுதுபோக்கிலும் மற்றவர்களுக்குச் சமமாகப் பங்கேற்கும் உரிமையைப் பேசுகிறது. சமமாக என்பதுதான் முக்கியம். மூலையில் நூறு மீட்டர் வேலி போட்டு "பார்வையற்றோர் பகுதி" என்று ஒதுக்கினால், குடும்பத்தோடு வந்தவர் தனியாக அங்கே போக வேண்டும், மற்றவர்கள் அருவிக்குப் போவார்கள். ஏற்கனவே எல்லோரும் போகும் நல்ல பாதையில் ஒன்றை எடுத்து இந்த மாற்றங்களைச் செய்வதே மேல். ஒப்பிடும் மரங்களும் மேலே சொன்ன மாதிரி வர்ணனையும் கண் உள்ளவர்களையும் நின்று கவனிக்க வைக்கும்.

சமம் என்றால் தகவலிலும் சமம். அமெரிக்காவில் கூட்டரசு நிலங்களில் புதிதாக அமைக்கும் அணுகல் நடைபாதைகளின் தொடக்கத்தில் நீளம், தரையின் வகை, சராசரி அகலமும் குறைந்த அகலமும், சராசரிச் சரிவும் அதிகபட்சச் சரிவும், குறுக்குச் சரிவு (பாதையின் அகலவாக்கில் உள்ள சாய்வு) இவற்றை எழுதிவைக்க வேண்டும். "எளிது" "கடினம்" என்று முத்திரை குத்துவதைவிட இது எவ்வளவோ மேல், போகலாமா வேண்டாமா என்பதை நடக்கிறவர் முடிவு செய்வார். இதையே இணையத்திலும் போட வேண்டும், படமாக அல்ல, திரைவாசிப்பான் (திரையில் இருப்பதைக் குரலில் சொல்லும் மென்பொருள்) படிக்கக்கூடிய எழுத்தாக. பேருந்து நிற்கும் இடத்திலிருந்து நுழைவாயில் வரை எப்படி வருவது என்பதையும் சேர்த்துத்தான்.

## பணம் குறைவு என்றால்

1. பாதையைத் தேர்ந்ததும், கோல் பிடித்துப் பழகிய இருவர், குறைபார்வை உள்ள ஒருவர் என்று அழைத்து, ஊதியம் கொடுத்து, நடந்து பார்க்கச் சொல்லுங்கள். ஊழியர்கள் கண்ணைக் கட்டிக்கொண்டு நடந்து பார்ப்பது இதற்கு மாற்று இல்லை. அதில் தெரிவது நேற்றுப் பார்வை போனவரின் பயம் மட்டுமே, பல வருடம் பழகியவரின் திறமை தெரியாது.

2. கிளை வெட்டுதல், விளிம்பு, தரை. பெரும்பாலும் மண்வெட்டி வேலைதான்.

3. பாதை விவரத்தையும் வர்ணனையையும் எழுத்தாகவும் ஒலியாகவும் இணையத்தில் ஏற்றுங்கள். கிட்டத்தட்டச் செலவே இல்லை.

4. பிறகு கயிறு, நிறுத்தங்கள், தொடும் பொருட்கள்.

5. பிரெயில் பலகை இதற்கப்புறம். வார்க்கும் முன் பிரெயில் வாசிக்கிற ஒருவர் மாதிரியைத் தடவிச் சரிபார்க்க வேண்டும், உலோகத்தில் பதித்த எழுத்துப்பிழையை அழிக்க முடியாது.

6. மாதம் ஒரு முறை பாதை முழுக்க நடந்து கிளை, கயிறு, பலகை மூன்றையும் பார்க்க ஓர் ஆளின் பெயர் எழுதிவைக்கப்பட்டிருக்க வேண்டும். மரம் விழுந்து பாதை அடைபட்டால் அதே நாளில் இணையத்தில் அறிவிக்கும் பொறுப்பும் அவருடையதே.